ஃபேனைத் துடைக்க வழி விடுங்கள்

சித்திரை பிறந்தால் எங்கள் கடைக்கு வரும் லேப்டாப்களின் புகார் மாறிவிடும். தை, மாசியில் ஹிஞ்ச் உடைந்தது, கீபோர்டில் டீ கொட்டியது, சார்ஜ் ஏறவில்லை என்று வருவார்கள். அக்னி நட்சத்திரம் நெருங்க நெருங்க எல்லோருக்கும் ஒரே பல்லவிதான்: “சூடு தாங்கலீங்க, ஃபேன் இரைஞ்சுட்டே இருக்குதுங்க.” அதையடுத்துக் கேட்பதும் அநேகமாக ஒன்றுதான்: “பேசாம புதுசு வாங்கிக்கலாமுங்களா?”

திருப்பூரில் பல வருடங்களாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அந்தக் கேள்விக்கு என் பதில், வேண்டாம். சூடாகி இரைகிற லேப்டாப்களில் பெரும்பகுதிக்கு உள்ளே எதுவும் கெட்டிருக்காது. காற்று போகிற வழி அடைத்திருக்கும், பிராசஸரின் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிரஷ், கொஞ்சம் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. இந்த வேலையை லேப்டாப் வைத்திருப்பவரே செய்துகொள்ள முடியாதபடி மூடியை ஒட்டி, ஃபேனைப் புதைத்து விற்கிறார்களே, அதைத்தான் நான் குற்றம் என்கிறேன். லட்சக்கணக்கில் மாணவர்களுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் அரசு, வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். அண்மையில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். “அண்ணா, சர்வீஸ் சென்டர்ல மதர்போர்டு மாத்தணும்னுட்டாங்க. இருபத்தெட்டாயிரம் ஆகுமாமா” என்றார். குரலில் அழுகை இருந்தது. வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறதாம்.

“இருங்கம்மா, மொதல்ல தொறந்து பார்த்துரலாம்.”

பேக் பேனலைக் கழற்றினால் ஃபேன் தெரியும். ஃபேனின் வாயில், செம்புக் குழாயின் முனையோடு ஒட்டி, மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பு மாதிரி வரிசையாக நிற்கும். சிப்பில் பிறக்கிற சூடு முழுவதும் அந்தத் தகடுகளுக்கு வந்து, ஃபேன் தள்ளும் காற்றோடு வெளியேற வேண்டும். ஃபேன் மூடியின் குட்டி ஸ்க்ரூக்களை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். தகடுகளுக்கு முன்னால், அவற்றின் முழு அகலத்துக்கும், கருநீல நிறத்தில் ஒரு பட்டை. ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. பஞ்சு. கட்டிங் ஹாலில் துணி வெட்டும்போது பறக்கிற பஞ்சு, மாதக்கணக்கில் ஃபேனுக்குள் போய், தகட்டில் மாட்டி, அமுங்கி, தடித்துத் துணியாகவே ஆகியிருந்தது. அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது போன சீசன் எங்க நேவி ஆர்டருங்ணா.”

மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை. பழைய பேஸ்டைச் சுரண்டித் துடைத்து, புதிது வைத்து மூடினேன். முன்பு எக்ஸெல் ஷீட்டைத் திறந்தாலே 97 டிகிரிக்குப் போய் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்த பிராசஸர், அதே வேலைக்கு 74-இல் நின்றது. ஃபேன் சுற்றுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

இந்தப் பஞ்சுப் பட்டையை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அது ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது. காற்று வெளியேறும் துவாரத்தில் புளோயரை வைத்து ஊதினால் தூசி பறப்பது போலத் தெரியும், ஆனால் பட்டை பின்னால் நகர்ந்து ஃபேனுக்குள் உட்காரும். அழுத்தமான காற்றில் ஃபேன் தன் வேகத்துக்கு மீறிச் சுற்றினால் பேரிங் தேய்ந்து, அதற்கப்புறம் கரகரவென்று வேறொரு சத்தம் கேட்கத் தொடங்கும். ஊதினால் விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். சரியான வழி ஃபேனைக் கழற்றுவதுதான்.

பேஸ்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஏமாற்றுவதும் ஏமாறுவதும் அதிகம். பிராசஸரின் பளபளப்பான முகமும் அதன்மேல் உட்காரும் செம்புத் தகடும் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் நடுவில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று நின்றால் சூடு கடக்காது. செம்பு சூட்டைக் கடத்தும் திறன் சுமார் 400 என்றால், அதே அளவையில் காற்றுக்கு 0.026தான். அந்தக் காற்றை விரட்டி இடைவெளியை நிரப்புவது மட்டுமே பேஸ்டின் வேலை. நல்ல பேஸ்டே செம்பின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே அது எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மருதாணி அப்புவது போல அப்பினால் சூடு கூடும். சில வருடங்களில் அது உலர்ந்து பொருக்காகும், அல்லது சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுவிடும். அப்போது மாற்ற வேண்டும். ‘லிக்விட் மெட்டல்’ என்ற பெயரில் விற்பதை வீட்டில் தொடாதீர்கள். அது காலியம் கலந்தது, மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். ஒரு துளி தவறி போர்டில் விழுந்தால் கதை முடிந்தது.

அந்தச் செம்புக் குழாயை நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். கெட்டிச் செம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உள்ளீடற்றது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகக் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி நீராகி, சுவரில் படிந்திருக்கும் நுண்துளைச் செம்பு வழியாகத் திரும்பி வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய இந்த உத்தி விண்கலங்களிலும் உழைக்கிறது, நம் மடியிலும் உழைக்கிறது. இத்தனை நேர்த்தியான ஒரு பொருளைப் பஞ்சு அடைத்துச் சாகடிப்பதைப் பார்க்கத்தான் மனம் ஒப்பவில்லை.

இனி வெயில். லேப்டாப்பின் சூடு அறையின் சூட்டின் மேல் ஏறி நிற்பது. இருபத்துநான்கு டிகிரி ஏசி அறையில் 75 காட்டுகிற பிராசஸர், அதே வேலையை நாற்பது டிகிரி அறையில், அதே ஃபேன் வேகத்தில் செய்தால் தொண்ணூறைத் தாண்டும். அதைத் தடுக்க ஃபேன் வேகமெடுக்கும். சத்தம் வரும். ஆப்பிள் தன் மேக்புக்குகளைப் பயன்படுத்த வேண்டிய அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. மற்ற பல நிறுவனங்களும் 35-ஐத்தான் மேல் வரம்பாகப் போடுகின்றன. கரூரிலும் வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் மே மாதப் பகலில் வெளியே நாற்பதைத் தொடும்போது, ஏசி இல்லாத மாடி அறையில், ஓட்டு வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே அந்த 35 எங்கே கிடைக்கும்? அதாவது நம் மாணவர்களில் பெரும்பாலோர் வருடத்தில் இரண்டு மூன்று மாதம், தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு வெளியேதான் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் தகட்டில் தூசி படிய விடுவதற்கு இடமே இல்லை.

சத்தத்தைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் ஹால்தான் படுக்கையறை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா தூங்குகிறார், பக்கத்தில் தம்பி தூங்குகிறான், பெண் பரீட்சைக்குப் படிக்க லேப்டாப்பைத் திறக்கிறாள். ஃபேன் இரைகிறது. மூடிவைத்துவிட்டுப் படுக்கிறாள். இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்தபோது அந்தத் தாயார் முதலில் கேட்டது, வேகமாக ஓடுமா என்பதல்ல, “சத்தம் வராதுங்களே?” என்பதுதான்.

சத்தத்தைக் குறைப்பதில் இயற்கையே நமக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. ஃபேன் வேகத்தைக் குறைத்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில்தான் குறையும். ஆனால் எழும் ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் விழும். ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைந்தாலே ஏறக்குறைய 5 டெசிபல், பாதியானால் 15 டெசிபல். சிப்பின் சூட்டைச் சில டிகிரி இறக்கிவிட்டால், காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

அந்தச் சில டிகிரியை மூடியைத் திறக்காமலேயே இறக்க ஒரு வழி இருக்கிறது. கைக்காசு செலவில்லை. இன்டெல் 2008இல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்ததிலிருந்து, பிராசஸர் தேவைப்படும்போது தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும். 15 வாட் என்று விற்கப்படும் மெலிந்த லேப்டாப் சிப்களில் சில, சில நொடிகளுக்கு 50 வாட்டுக்கு மேல்கூட இழுக்கும். மெயில் திறக்கும்போது ஃபேன் திடீரென்று சீறி அடங்குகிறதே, அதற்குக் காரணம் இதுதான். வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும், மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தையும் அழுத்தத்தையும் இருபது இருபது சதவீதம் ஏற்றினால் செலவு எழுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’ என்ற இடத்தில் ‘மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்’ 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் பூஸ்ட் நின்றுவிடும். புதிய மாடல்கள் சிலவற்றில் இந்த இடத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பவர் மோடில் ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’ வையுங்கள், அல்லது கம்பெனியே கொடுக்கும் செயலியில் ‘சைலன்ட்’ அல்லது ‘கொயட்’ இருக்கும், அதை அழுத்துங்கள். வேர்ட், எக்ஸெல், வகுப்பு வீடியோ, பிரவுசர் இவற்றில் வேறுபாடு அநேகமாகத் தெரியாது. வீடியோ எடிட் செய்பவர்களுக்கும் பெரிய புரோகிராம்களை கம்பைல் செய்பவர்களுக்கும் வேலை முடியக் கூடுதல் நேரமாகும், உண்மைதான். அவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளட்டும். கேம் ஆடும் பிள்ளைகள் ஃபிரேம் எண்ணிக்கையை 60-இல் கட்டிப்போட்டாலே கிராஃபிக்ஸ் சிப் மூச்சுவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள், காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடிப்பக்கம்தான். பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள், இரண்டு அழிரப்பர் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த புரோகிராம் சும்மா உட்கார்ந்து பிராசஸரைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். கூலிங் பேட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு, உள்ளே பஞ்சு இருக்கும்வரை அது வீண்செலவு என்பேன்.

சூட்டைப் பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொழிலில் இருப்பவர்கள் மறக்க முடியாத ஒரு பாடம் இருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், லேப்டாப்களில் பொருத்தப்பட்ட தன் சில கிராஃபிக்ஸ் சிப்களில் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததால் 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இணைப்புகள் விட்டுப்போயின. திரையில் கோடு கோடாக விழும், பிறகு ஒன்றுமே வராது. ஹாட் ஏர் கன்னில் காட்டினால் சில வாரம் உயிர் வரும், திரும்பப் போகும். இன்றைய சிப்கள் அதைவிட உறுதியானவை. ஆனாலும் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் ஈயமில்லாத சால்டர் சோர்ந்துபோவது இன்றும் மாறவில்லை. பேட்டரியோ அதைவிட மென்மையானது. சூட்டில் அதன் ஆயுள் விரைவாகக் கரையும், வீங்கவும் செய்யும். டச்பேட் மேலெழுந்து நின்றால் அதை அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே கொண்டுவந்து கழற்றிவிடுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒருவர் தன் லேப்டாப்பைத் திறக்க முயன்றால் என்ன நடக்கும்? ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்தும் மூடி வராது. ரப்பர் கால்களைப் பெயர்த்தால் அதன் அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். பெயர்த்த ரப்பர் திரும்ப ஒட்டாது. சிலவற்றில் சாதாரண ஸ்டார் தலை இருக்காது, தேடி வாங்க வேண்டிய வேறு தலை. உள்ளே போனால் சில மாடல்களில் ஃபேன் போர்டின் மறுபக்கம் கிடக்கும். ஐந்து நிமிடம் பிரஷ் போடுவதற்கு மதர்போர்டையே கழற்ற வேண்டும். இன்னும் சிலவற்றில், “இந்த ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி கிடையாது” என்ற மிரட்டல். அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம், இப்படி எழுதுவது பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்ணை லேப்டாப்போடு சேர்த்துக் காட்டியே விற்க வேண்டும். கழற்றுவது எத்தனை படி, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடங்கும். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்ல தொடக்கம். கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மதிப்பெண் தொங்குகிற நாள் வரவேண்டும். கட்டாயம் ஆக்காமல் அது வராது.

தமிழ்நாடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று அறிவித்த மாநிலமும் இதுவே. இத்தனை பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் கேட்டால் எந்தக் கம்பெனியும் மறுக்காது. பழைய திட்டத்தில் கொடுத்த லேப்டாப்கள் இன்றும் எங்கள் மேஜைக்கு வருகின்றன. அண்ணன் வைத்திருந்தது, இப்போது தங்கை வைத்திருப்பாள். திறந்து பார்த்தால் கொடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூட யாரும் திறக்காதது தெரியும். ஃபேன் அசையாது. அறுநூறு ரூபாய்க்கு ஒரு ஃபேன் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் படிக்க உதவும். பலர் அது தெரியாமலே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

டெண்டரில் ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு என்று எழுதுகிற அதே பக்கத்தில் இன்னும் சில வரிகள் எழுதுங்கள். அடிமூடியைச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிய வேண்டும், திறந்ததும் ஃபேன் கைக்கு எட்ட வேண்டும். நாற்பது டிகிரி அறையில் மணிக்கணக்காக ஓடவிட்டு, வேகமும் சத்தமும் அளந்து, அந்த அளவை டெண்டர் தாளோடு தர வேண்டும். சுத்தம் செய்யத் திறந்ததற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது. ஃபேன் ஐந்து வருடம் உதிரியாகக் கிடைக்க வேண்டும், அதன் பார்ட் நம்பரை லேப்டாப்பின் அடியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கொடுத்த பிறகு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஊர் ஊருக்கு பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும் உள்ளன. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கை பழக வேலை வேண்டும். மாசி மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத்துக் கல்லூரி மாணவர்களின் லேப்டாப்களை அந்தப் பிள்ளைகளே திறந்து துடைத்துக் கொடுக்கட்டும். திறக்கும்போது லேப்டாப்புக்குரியவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அடுத்த வருடம் தானே செய்துகொள்வார். பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும், ஃபேன் கேபிளை எப்படி நோகாமல் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க என்னைப் போன்ற கடைக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். திருப்பூரில் கூப்பிட்டால் ட்வீசரோடு வருகிறேன், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.